அம்பாசிடருக்கு வேண்டியது புது எஞ்சினா, ஐந்தாவது கியரா?

எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் 1972-ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2, கல்லாறிலிருந்து குன்னூர் வரையிலான மலைப்பாதையை இன்றும் நின்று இளைப்பாறாமல் ஏறி முடித்துவிடுகிறது. அதே கார் கோவை–சேலம் நான்குவழிச் சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொட்டதும், உள்ளே இருப்பவர்கள் பேச்சை விட்டுக் கத்தத் தொடங்க வேண்டியிருக்கிறது. எஞ்சின் இன்னொரு கியர் கேட்டு இரைகிறது. கியர்பாக்ஸிலோ நான்குக்கு மேல் எதுவும் இல்லை. "இதுக்கு ஒரு நல்ல எஞ்சினாப் பாத்துப் போட்டுட்டா என்ன?" என்று கேட்காத உறவினர் எங்கள் வீட்டில் கிடையாது. பல ஆண்டுகளாகச் சிரித்துத் தள்ளிவந்த அந்தக் கேள்வி, சென்ற ஆண்டு என் மைத்துனருடைய 1988-ஆம் ஆண்டு மார்க் 4 காரின் எஞ்சின் பிளாக் விரிசல் விட்டபோது விளையாட்டாக இல்லாமல் போயிற்று. ஒரே பட்டறையில் இரண்டு கார்களையும் அருகருகே நிறுத்தி, எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்று நாங்கள் எடைபோட்டுப் பார்த்ததை, இதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில், மாற்ற நினைக்கும் பொருள் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் இறுதியில் தயாரிக்கத் தொடங்கிய அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசைக் காரின் வார்ப்பு. தொடக்கத்தில் அதில் 1476 சி.சி. பக்க வால்வு எஞ்சின் இருந்தது. 1959 வாக்கில் அதன் இடத்துக்கு பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனத்தின் பி-வரிசையைச் சேர்ந்த, வால்வுகள் தலைப்பகுதியில் அமைந்த 1489 சி.சி. எஞ்சின் வந்தது. அந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 73 மில்லிமீட்டர். பிஸ்டன் பயணிக்கும் தூரமோ 88.9 மில்லிமீட்டர். விட்டத்தைவிட ஸ்ட்ரோக் எனப்படும் இந்தத் தூரம் இவ்வளவு நீளமாக இருப்பதுதான் இதன் குணத்தையே தீர்மானிக்கிறது. குறைந்த சுற்றிலேயே பாரத்தை இழுத்துவிடும். ஆனால் சுற்று ஏற ஏற, பிஸ்டன்கள் ஓட வேண்டிய தூரமே அதற்குச் சுமையாகிவிடும். சுமார் 50 குதிரைத்திறன் கொண்ட இந்த எஞ்சின் ஆயிரத்து நூறு கிலோவுக்கும் மேற்பட்ட காரை மலையேற்றுவதும், நெடுஞ்சாலையில் கூச்சலிடுவதும் ஒரே காரணத்தால்தான்.

இந்த இடத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், எந்த எஞ்சினையும் விலை கேட்பதற்கு முன்னால், என் காரைப் பற்றிய குறைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்தப் பாகத்தின் குறை என்று குறித்ததுதான். நெடுஞ்சாலையில் இரைச்சல் என்பது மேல் கியர் இல்லாத குறை. முதல் கியரில், பற்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் சிங்க்ரோமெஷ் கிடையாது என்பதால், உருண்டுகொண்டிருக்கும்போது அதைப் போட முயன்றால் பற்கள் உரசிக் கரகரக்கின்றன. அதுவும் கியர்பாக்ஸின் குறையே. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் இருப்பதால் இறக்கத்தில் பெடல் மெல்ல மெல்ல உயிரிழக்கிறது. வெயிலில் நின்றபின் ஸ்டார்ட் ஆக மறுப்பதற்கு, சூடான எஞ்சினை ஒட்டி ஓடும் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொள்வது காரணம். எஞ்சினுக்கென்று மிஞ்சியது ஆயில் குடிப்பதும் நீலப்புகையும் மட்டுமே. அவை தேய்மானத்தின் அடையாளங்கள், வடிவமைப்பின் குறைகள் அல்ல. ஐந்து குறைகளில் ஒன்றுதான் எஞ்சினுடையது என்று தெரிந்தபோது, உறவினர்கள் இத்தனை ஆண்டுகளாகக் கேட்ட கேள்வியே இடம் மாறிக் கேட்கப்பட்டது என்று எனக்குப் பட்டது.

அடுத்து வருவது சட்டம். பலர் இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இது பாதி முடிவை நமக்காக எடுத்துவிடுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை உரிமையாளர் மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து மேல்முறையீடாக வந்த ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டுச் சட்டத்திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று விதிக்கிறது. எஞ்சின் எண் ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றிதழில், ஏறியிருக்கும் விவரம்; ஆகவே அதே வகை எஞ்சினை மாற்றிப் பொருத்துவதானாலும் பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். வேறு கொள்ளளவோ வேறு எரிபொருளோ கொண்ட எஞ்சின் என்றால், ஒப்புதல் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளவே முடியாது. கியர்பாக்ஸின் எண்ணோ ஆர்.சி.யில் எங்கும் இல்லை. இந்தச் சிறிய வேறுபாடு பின்னால் பெரிதாக வரப்போகிறது.

ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு இன்னொரு விதியும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பழம்பெரும் வாகனங்களுக்கான பிரிவின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்ததும், அசல் வடிவில் பேணப்பட்டதும், சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் உள்ளிட்ட பெரிய திருத்தங்களுக்கு ஆளாகாததுமான வாகனமே அந்தத் தகுதியைப் பெறும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். அந்தப் பதிவைப் பெற்ற காரை அன்றாடப் பயணத்துக்கு எடுக்கக் கூடாது என்பதால் நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. வாரம் ஒருமுறையாவது ஓட்டாத காரை வைத்திருப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் என் மகள் ஒருநாள் விண்ணப்பிக்க நினைத்தால், அந்தக் கதவை நான் அடைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாது. என் காரின் பிளாக்கில் உள்ள எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணும் இன்றும் ஒன்றே. இப்படி ஒத்துப்போகும் கார்கள் குறைந்துகொண்டே வருகின்றன. மைத்துனரின் 1988-ஆம் ஆண்டுக் காருக்கோ இந்தத் தகுதி 2038-க்கு முன்னால் பேச்சுக்கே வராது. அதன் அசல் பிளாக்கும் போய்விட்டது. ஆகவே இரண்டு கார்களுக்கும் ஒரே விடை பொருந்தாது என்பது இங்கேயே தெளிவாகிவிட்டது.

வழிகளில் முதலாவது, இருக்கும் 1489 எஞ்சினையே முழுமையாகப் புதுப்பிப்பது. கோவையில் இருப்பவர்களுக்கு இது எளிது. சிலிண்டர் போரிங், ஸ்லீவ் இறக்குதல், கிராங்க் கிரைண்டிங் எல்லாமே சில கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். ஆனால் பழையபடியே சேர்த்துக் கட்டினால் போதாது; இந்த எஞ்சின் பிறந்தபோது இருந்த பெட்ரோல் இன்று இல்லை. ஈயம் கலந்த பெட்ரோல், வால்வு உட்காரும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து, வார்ப்பிரும்புத் தலையைத் தேய்மானத்திலிருந்து காத்துவந்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் ஈயம் நீக்கிய பெட்ரோல் மட்டுமே விற்கப்படுவதால், எக்ஸாஸ்ட் வால்வுகள் தம் இருக்கையை மெல்ல அரித்துக்கொண்டு உள்ளே இறங்குகின்றன; வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் டேப்பட் இடைவெளி அடிக்கடி குறைந்துபோவதுதான் அதன் முதல் அறிகுறி. தலையைக் கழற்றியிருக்கும்போதே கடினப்படுத்திய வளையங்களை வால்வு இருக்கைகளில் அழுத்திப் பொருத்திவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். இன்னொன்று எத்தனால். இன்று பெட்ரோல் பங்க்குகளில் வழக்கமாகிவிட்ட 20 சதவீத எத்தனால் கலப்பு, பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கிறது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் சிறு துளையான பழைய ஜெட் வழியாகப் போகும் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறுகிறது. குழாய்களையும் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றி, ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினால் போதும். டேங்கின் அடியில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடையும் எத்தனால் கரைத்துக்கொண்டு வரும் என்பதால், முதல் சில மாதங்களுக்கு ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி, அம்பாசிடர் குடும்பத்துக்குள்ளேயே இருக்கும் இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் அதனோடு வந்த ஐந்து கியர் பெட்டியும். 1990-களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே இவற்றை அம்பாசிடரில் பொருத்தி விற்றது. அதற்கு முன்பே அதே நிறுவனத்தின் கான்டெஸ்ஸா காரில் அதே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. 84 மில்லிமீட்டர் விட்டம், 82 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 1817 சி.சி. விட்டமும் ஸ்ட்ரோக்கும் ஏறத்தாழச் சமமாக இருப்பதால் சுற்று ஏறுவதற்கு இது தயங்குவதில்லை. அம்பாசிடரில் சுமார் 75 குதிரைத்திறன் தந்தது. பழைய பி.எம்.சி.யோடு ஒப்பிட்டால் பாதிக்குப் பாதி கூடுதல். இதன் பெரிய நன்மை எண்களில் இல்லை. எக்ஸாஸ்ட் குழாய் ஸ்டீயரிங் தண்டில் படுமா, ஆயில் தொட்டி குறுக்குச்சட்டத்தில் இடிக்குமா, ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவே விரல் நுழைய இடம் இருக்குமா என்ற கேள்விகளுக்கெல்லாம் தொழிற்சாலை ஏற்கெனவே விடை கண்டுவிட்டது என்பதுதான் நன்மை. அந்த விடைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டுமானால், எஞ்சினை மட்டும் தனியாக வாங்கக் கூடாது. மவுன்டிங்குகள், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச்சட்டம், புரொப்பெல்லர் ஷாஃப்ட், கிளட்ச் இணைப்புகள், ரேடியேட்டர், ஆக்ஸிலரேட்டர் கேபிள், முடிந்தால் முன்சக்கர டிஸ்க் பிரேக்குகளும் சேர்த்து, ஒரே காரிலிருந்து மொத்தமாக எடுக்க வேண்டும். ஓடாமல் நிற்கும் ஒரு முழு 1800 அம்பாசிடரையே வாங்கிவிடுவது, புதுப்பேட்டையிலும் உக்கடத்திலும் பாகம் பாகமாகத் தேடுவதைவிடக் கடைசியில் மலிவாகவே முடியும். அப்படி வாங்கும்போது அந்தக் காரின் ஆர்.சி., விற்றவரின் ரசீது இரண்டும் கையில் இல்லாவிட்டால், அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று நாளைக்கு நாம்தான் விளக்க வேண்டியிருக்கும்.

இழப்பு ஒன்றும் உண்டு. மார்க் 2 காரில் கியர் லீவர் ஸ்டீயரிங் தண்டோடு இருக்கிறது. முன்னிருக்கை ஒரே நீள இருக்கை. அதில் நடுவே உட்கார்ந்து, காலுக்கடியில் எதுவும் இடிக்காமல் வால்பாறை வரை நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டு போனவன் நான். இசுசு கியர்பாக்ஸின் லீவர் தரையிலிருந்து எழுகிறது. அதற்காகத் தரைத்தகட்டை வெட்டினால் அந்த நடு இருக்கை போய்விடும். உடற்கூட்டில் மாற்றம் என்ற விதியின் சொற்களும் நினைவுக்கு வரும். இதை மனக்குறை என்று சிலர் தள்ளிவிடலாம். பழைய காரை வைத்திருப்பதே இப்படிப்பட்ட மனக்குறைகளுக்காகத்தான் என்பது என் கட்சி.

மூன்றாவது, இசுசு 2 லிட்டர் டீசல். வாடகைக் கார் ஓட்டியவர்கள் இதைப் புகழாமல் பேசமாட்டார்கள். எரிபொருள் கணக்கில் அவர்கள் சொல்வது சரியே. ஆனால் இதன் திறன் 50 குதிரைத்திறனை ஒட்டியே நிற்கிறது. இரைச்சலும் அதிர்வும் கூடுகின்றன. முன்சக்கரங்கள் மீது எடையும் ஏறுகிறது. டீசல் எஞ்சினின் உள்ளிழுப்புக் குழாயில் வெற்றிடம் உண்டாகாது என்பதால், வெற்றிடத்தைக் கொண்டு பெடலுக்குத் துணைவிசை தரும் பிரேக் பூஸ்டர் வைக்க நினைத்தால் தனியாக வேக்குவம் பம்ப் வேண்டும். இந்த எஞ்சினின் டைமிங் பெல்ட் பழசாகி அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்ரோல் காரை டீசலாக்குவது ஆர்.சி.யில் எரிபொருள் வகையையே மாற்றும் செயல். மாதம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டுபவரைத் தவிர வேறு யாருக்கும் இதில் நான் பயன் காணவில்லை.

நான்காவதுதான் காணொளிகளில் அதிகம் மின்னும் வழி: இன்றைய காரின் இன்ஜெக்‌ஷன் எஞ்சின். அம்பாசிடர் பின்சக்கர இயக்கம் கொண்டது. எஞ்சின் நீளவாக்கில் உட்கார்கிறது. இன்று சாலையில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம். அவற்றின் எஞ்சினும் கியர்பாக்ஸும் குறுக்குவாக்கில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அம்பாசிடரில் அவற்றை அப்படியே இறக்க வழியில்லை. நீளவாக்கில் அமைந்து, ஐந்து கியரோடு பின்சக்கரத்தை இயக்கும் மலிவான நவீன எஞ்சின் என்று தேடினால் மாருதி ஈக்கோவில் 2022 வரை வந்த 1.2 லிட்டர் எஞ்சின் கண்ணில் படும். அலுமினிய பிளாக், சுமார் 73 குதிரைத்திறன், எங்கும் கிடைக்கும் உதிரிப் பாகங்கள் என்று காகிதத்தில் பார்க்கும்போது இதைவிடப் பொருத்தமானது இல்லை. நானும் ஒரு வாரம் இதையே பேசிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு கணக்குப் போட்டேன். அந்த எஞ்சினின் உச்ச முறுக்குவிசை சுமார் 101 நியூட்டன் மீட்டர். அதுவும் 3000 சுற்றில். பழைய 1489 எஞ்சின் ஏறத்தாழ அதே அளவு இழுவையைக் கீழ்ச்சுற்றிலேயே தந்துவிடுகிறது. கூடுதல் குதிரைத்திறன் முழுவதும் மேல்சுற்றில்தான் இருக்கிறது. அதாவது, குன்னூர் மலையில் நான்கு பேரோடும் பெட்டிகளோடும் ஏறும்போது, இன்று பொறுமையாக இழுக்கும் இடத்தில் நாளை எஞ்சினை அலறவிட்டு, கிளட்சை உரசவிட்டுத்தான் ஏற வேண்டியிருக்கும். ஈக்கோவின் கியர் விகிதங்கள் அதன் சிறிய சக்கரங்களுக்காகவும் அதன் சொந்தப் பின் ஆக்ஸிலுக்காகவும் கணக்கிடப்பட்டவை. அம்பாசிடரின் 15 அங்குலச் சக்கரத்தோடு அவை சேரும்போது முதல் கியரும் ஐந்தாம் கியரும் எப்படி அமையும் என்பதைத் தாளில் கணக்கிடாமல் எஞ்சினைத் தூக்கக் கூடாது. இதற்குமேல், அழுத்தம் கூடிய பெட்ரோல் பம்ப், திரும்பும் குழாய், ஆக்சிஜன் சென்சார், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு., திருட்டுத் தடுப்புச் சாவி, வேகமானிக்கு மின் சென்சார், டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டர் என்று வயரிங்கை முழுவதும் புதிதாக இழுக்க வேண்டும். எங்கள் மேஸ்திரி இதை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "எஞ்சினை உக்கார வெக்கறது ஒரு வாரம்ங்க, அதைச் சுத்தி இருக்கறதைப் பேச வெக்கறதுக்குத்தான் ஒரு வருசம் ஆகுது."

அவர் சொன்னதற்குச் சான்று அதே பட்டறையின் மூலையில் நின்றது. என் நண்பர் ஒருவர் வெளியூரில் நவீன எஞ்சின் பொருத்தி வாங்கிவந்த அம்பாசிடர் அது. பானெட்டைத் திறந்தால் அழகாகத்தான் இருந்தது. கீழே படுத்துப் பார்த்தபோது, ஆயில் தொட்டிக்கும் குறுக்குச்சட்டத்துக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழையவில்லை. மவுன்டிங் ரப்பர் சற்றுத் தளர்ந்ததும் இரண்டும் உரசி, தொட்டியின் அடியில் பளபளவென்று ஒரு கோடு விழுந்திருந்தது. எஞ்சினைச் சற்று உயர்த்தலாம் என்றால் ஏர்ஃபில்டர் பானெட்டில் முட்டுகிறது. ஆர்.சி. புதுப்பிக்கச் சென்றபோது எஞ்சின் எண் ஒத்துப்போகவில்லை. இப்போது அந்தக் கார் ஓடவும் முடியாமல், விற்கவும் முடியாமல் நிற்கிறது. எண் பொருந்தாத காருக்கு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் இடமுண்டு.

மின்மோட்டார் பொருத்துவதைப் பற்றி ஒரு சொல்: அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் வகைச் சான்று பெற்ற தொகுப்பைக் கொண்டு மட்டுமே அதைச் செய்ய முடியும். நகருக்குள் மட்டும் ஓடும் காருக்கு அது யோசிக்கத் தக்கது. மலைக்கும் வெளியூருக்கும் போகும் எங்கள் தேவைக்கு அது பொருந்தவில்லை.

ஐந்தாவது வழியைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. நான் கடைசியில் வந்து நின்றது அங்கேதான். எஞ்சின் பழையதே இருக்கட்டும். கியர்பாக்ஸை மட்டும் ஐந்து கியர் கொண்டதாக மாற்றுவது. இது புதுமையான யோசனை அல்ல. இதே பி-வரிசை எஞ்சின் கொண்ட எம்.ஜி. கார்களில், ஃபோர்டு சியராவின் டைப் 9 என்ற ஐந்து கியர் பெட்டியை இங்கிலாந்தில் பலர் பொருத்தி ஓட்டுகிறார்கள். அதற்கான தொகுப்புகளே அங்கு விற்கப்படுகின்றன. ஐந்தாவது கியரின் விகிதம் பெரும்பாலும் 0.8-லிருந்து 0.87 வரை இருக்கும். 0.85 என்று வைத்துக்கொண்டால், நேர் கியரான நான்காவதில் 3500 சுற்றில் ஓடும் எஞ்சின் அதே வேகத்தில் 2975 சுற்றுக்கு இறங்கிவிடும். நீண்ட ஸ்ட்ரோக் கொண்ட எஞ்சினுக்கு அந்த ஐந்நூறு சுற்று பெரிய விடுதலை. கீழ்ச்சுற்று இழுவை அதனிடம் ஏற்கெனவே இருப்பதால், நீளமான ஐந்தாம் கியரைச் சமவெளியில் அது முணுமுணுக்காமல் தாங்கிக்கொள்கிறது. முதல் கியர் உட்பட எல்லாவற்றிலும் சிங்க்ரோமெஷ் கிடைக்கிறது. ஆர்.சி.யில் உள்ள எந்த எண்ணும் மாறவில்லை. பழைய கியர்பாக்ஸுக்கு எண்ணெய் பூசி அட்டத்தில் வைத்துவிட்டால், எந்த நாளிலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இது சுலபமான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். எஞ்சினின் பின்முகத்துக்கும் புதிய கியர்பாக்ஸின் முன்முகத்துக்கும் நடுவே வரும் இணைப்புத் தகட்டைக் கடைசலில் எடுக்க வேண்டும். அந்தத் தகட்டில்தான் எல்லாமே இருக்கிறது. கியர்பாக்ஸின் உள்நுழைவுத் தண்டு, கிராங்க் தண்டின் மையத்தோடு ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஃப்ளைவீலில், நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, எஞ்சினைக் கையால் சுற்றி, தகட்டின் துளையோரமாக அளந்து பார்க்கையில் முள்ளின் மொத்த ஆட்டம் 0.13 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அது ஒரு தாளின் கனத்தைவிடச் சற்றுத்தான் அதிகம். எங்கள் முதல் தகட்டில் முள் 0.4 காட்டியது. கண்ணுக்கு அது குற்றமற்ற வட்டமாகவே தெரிந்தது. அப்படியே போட்டிருந்தால் சில ஆயிரம் கிலோமீட்டரில் கியர்பாக்ஸின் முன் பேரிங் இரையத் தொடங்கி, தானாகவே கியர் நழுவியிருக்கும். இரண்டாவது தகட்டில் 0.1-க்குள் வந்தது. தண்டின் நுனி உட்காரும் வெண்கலப் புஷ், கிளட்ச் பிளேட்டின் பல்வரிசை, சுருக்கிச் சமன் செய்த புரொப்பெல்லர் ஷாஃப்ட், பின்பக்கத்துக்கு ஒரு புதிய தாங்கி என்று மற்ற வேலைகளும் உண்டு. அவற்றில் எதையும் காரின் உடலில் வெல்டிங் வைக்காமல், இருக்கும் துளைகளில் போல்ட் போட்டே முடித்தோம். லீவருக்காகத் தரையை வெட்டவில்லை. ஸ்டீயரிங் தண்டின் லீவரிலிருந்தே ஐந்தாவது கியரையும் இயக்கும்படி மேஸ்திரி ஓர் இணைப்பை வளைத்துக் கொடுத்தார். சற்றுத் தொளதொளப்பாகத்தான் இருக்கிறது. நடு இருக்கைக்காகப் பொறுத்துக்கொள்கிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், பிரேக்கை முதலில் பார்க்க வேண்டும். பழைய அம்பாசிடரின் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். பிந்தைய அம்பாசிடர்களில் வந்த முன்சக்கர டிஸ்க், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் ஆகியவற்றை அதே குடும்பத்துக்குள்ளிருந்து எடுத்துப் பொருத்தலாம். 75 குதிரைத்திறனை டிரம் பிரேக்கோடு சேர்ப்பதைவிட, 50 குதிரைத்திறனை டிஸ்க்கோடு சேர்த்து வைப்பது குடும்பத்தோடு பயணம் செய்பவருக்கு உகந்தது. செலவுக் கணக்கிலும் இது உறைத்தது. நாங்கள் விலை விசாரித்த எந்த வழியிலும், எஞ்சினுக்குக் கொடுக்க வேண்டிய பணம் மொத்தத்தில் பாதியைக்கூட எட்டவில்லை. மீதி எல்லாம் அதைச் சுற்றியுள்ளவற்றுக்கே போகிறது.

ஆகவே என் 1972 காருக்கு முடிவு இது: அசல் எஞ்சின் கடினப்படுத்திய வால்வு இருக்கைகளோடு புதுப்பிக்கப்பட்டது, ஐந்து கியர் பெட்டி ஏறியது, முன்பக்கம் டிஸ்க் பிரேக் வந்தது. மைத்துனருக்கு இதே பரிந்துரையை நான் சொல்லவில்லை. அசல் பிளாக் இல்லாத, 1988-இல் பிறந்த, மாதம் இருமுறை மதுரைக்குப் போய்வரும் காருக்கு இசுசு 1.8 லிட்டரும் அதன் கியர்பாக்ஸுமே தகுந்தவை. ஈக்கோ எஞ்சின் மீது அவருக்கு இன்னும் ஆசை உண்டு. குன்னூர் கணக்கைக் காட்டி அடக்கி வைத்திருக்கிறேன். ஆனால் அந்த மாடலுக்கு இசுசுவை ஏற்பதா என்பதைப் பதிவு அலுவலகம்தான் சொல்ல வேண்டும். ஆகவே, பணம் கொடுப்பதற்கு முன்னால், எஞ்சினின் வகையையும் கொள்ளளவையும் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். மறுத்துவிட்டால் இன்னொரு 1489 பிளாக்கை, அதே வகை எஞ்சின் என்ற அடிப்படையில், முறைப்படி பதிந்து போட்டுக்கொள்வதாகப் பேச்சு. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நிற்கும் 1800 அம்பாசிடருக்கு முன்பணம் எதுவும் கொடுக்காமல், பதில் கடிதம் வரும்வரை யாருக்கும் விற்க வேண்டாம் என்று மட்டும் அதன் உரிமையாளரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.